கார்டுக்கு முன்னால் கரண்டைப் பாருங்கள்

கேமிங் கம்ப்யூட்டர் கட்டப் போகிறேன் என்று வருகிற பிள்ளைகள் எல்லாரும் கிராபிக்ஸ் கார்டை முடிவு பண்ணிவிட்டுத்தான் வருகிறார்கள். "கார்ட் இதுதான் அண்ணே, மத்ததெல்லாம் இதுக்குத் தோதா சொல்லுங்க" என்பார்கள். கொழும்பில் இருக்கிறவருக்கு அது சரியான வழிதான். அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவ, நுவரெலியா என்று மலையில் இருக்கிறவர் பட்டியலை மறுபக்கத்திலிருந்து எழுத வேண்டும் என்பது என் கட்சி. முதல் வரியில் வர வேண்டியது வீட்டுச் சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட். கார்டின் பெயர் கடைசியில் வந்தாலும் பரவாயில்லை.

மஸ்கெலியாப் பக்கத்துத் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். ரைசன் 7 9800எக்ஸ்3டி, ஆர்டிஎக்ஸ் 5090, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் நான்கு, 360 மில்லிமீற்றர் வாட்டர் கூலர், 1000 வாட் பவர் சப்ளை. கடைசி வரியில் 650 விஏ யூபிஎஸ். பிசி பார்ட் பிக்கர் தளத்தில் போட்டுப் பார்த்தேன், எல்லாம் பச்சை காட்டுது என்று கீழே எழுதியிருந்தார். காட்டத்தான் செய்யும். அந்தத் தளம் சாக்கெட் பொருந்துகிறதா, கார்ட் கேஸிங்குக்குள் போகுமா, வாட் போதுமா என்று பார்க்கும். உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

"தம்பி, வீடு எங்க?"

"தோட்டத்துலதான் அண்ணே. லயத்துல கடைசிக் காம்பரா."

"கரண்ட் எப்படி?"

"இருக்கு அண்ணே. அந்தி நேரம் லைட்டு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் விட்ட இடத்தில்தான் என் பேச்சு ஆரம்பம்.

இந்த மலையில் கரண்டைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் எரிச்சல் வராமல் இருக்காது. பழைய லக்ஷபான நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். பிறகு விமலசுரேந்திர, பொல்பிட்டிய, புதிய லக்ஷபான, கெனியன் என்று வந்தன. பழைய மஸ்கெலியா டவுனையே முக்கிவிட்டுத்தான் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிற்கிறது. தண்ணீர் வற்றுகிற மாதங்களில் பழைய கோயில் தலை காட்டும். தலவாக்கலையில் 2012இலிருந்து 150 மெகாவாட் மேல் கொத்மலை ஓடுகிறது. நாட்டுக்கே வெளிச்சம் அனுப்புகிற பள்ளத்தாக்கு இது. அதன் மேட்டில் இருக்கிற லயத்தில் அந்தி ஆறரைக்கு பல்ப் மஞ்சளாகிறது.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. டிரான்ஸ்போமரிலிருந்து கம்பி நெடுந்தூரம் வருகிறது, வருகிற வழியெல்லாம் வீடுகள். எல்லாரும் ஒரே நேரத்தில் ரைஸ் குக்கரும் கேத்தலும் போட்டால் கடைசி வீட்டுக்கு வோல்டேஜ் மிஞ்சாது. மேல் வீட்டுக்காரர்கள் எல்லாம் குழாயைத் திறந்தால் கீழ்ப் பீலியில் தண்ணீர் நூலாக விழுகிற கதைதான். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட், அதில் 6 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். லைன் கடைசியில் மல்டிமீற்றர் வைத்துப் பார்த்தால் 190, 180 என்று நிற்கிற அந்திகள் உண்டு.

இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன? பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற லேபிளில் இன்புட் என்று ஒரு வரி இருக்கும். சிலதில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கும். சிலதில் 200–240 என்று மட்டும். விலை குறைந்த மாடல்களில் இரண்டாவது வகை நிறைய. கடையில் இரண்டும் 750 வாட்தான், பெட்டியும் ஒரே மாதிரிதான். ஆனால் வோல்டேஜ் 185க்கு இறங்கும்போது முதலாவது கொஞ்சம் கூடுதல் கரண்ட் இழுத்துக்கொண்டு ஓடும். இரண்டாவது வகை கேம் நடுவில் டப்பென்று நின்றுவிடக்கூடும். பாவம், பையன் கிராபிக்ஸ் கார்ட் பழுது என்று நினைத்து அதைக் கழற்றிக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறுவான். மலையில் இருக்கிறவர் பவர் சப்ளையில் முதலில் பார்க்க வேண்டிய வரி இதுதான். தங்கமா வெள்ளியா என்கிற 80 பிளஸ் ஸ்டிக்கரை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அதே லேபிளில் சிலவேளை சின்ன மலைப்படம் ஒன்றும் 2000 மீற்றர் என்ற எண்ணும் இருக்கும். அதற்கு மேல் உயரத்தில் பாவிக்கச் சோதிக்கப்படவில்லை என்று அர்த்தம். நுவரெலியா டவுன் 1,868 மீற்றர். மயிரிழையில் தப்பிவிடுகிறோம். அட்டன் இன்னும் கீழே, 1,270 சொச்சம்.

அடுத்தது எர்த். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கேஸிங்கின் பின்பக்கத்து இஸ்குருத் தலையில் புறங்கையை மெதுவாக வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி சுரசுரவென்று இருக்கிறதா? டெஸ்டரை வைத்தால் உள்ளே சின்னச் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா? அப்படியென்றால் உங்கள் பிளக்கில் எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கப்பாசிற்றர்கள் லைனையும் நியூட்ரலையும் இரும்புக் கூட்டோடு இணைத்திருக்கும். அதில் கசிகிற சொற்பக் கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கூட்டிலேயே நிற்கும், பாதி வோல்டேஜில், அதாவது 115 சொச்சம். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி அடிக்காது. ஆனால் ஓடுகிற மெஷினில் மொனிட்டர் கேபிளைச் செருகும்போது ஒரு சின்னப் பொறி பறக்கும். பல இலட்ச ரூபாக் கார்டின் போர்ட் போவதற்கு அந்தப் பொறி போதும். உள்ளே ஏதாவது பெரிதாகப் பழுதானால் கூட்டில் நிற்பது 230 வோல்ட்.

ட்ரிப் சுவிட்சில் டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், டக்கென்று விழுந்தது, அப்படியென்றால் எர்த் சரி என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அந்தப் பட்டன் எர்த்தைச் சோதிப்பதே இல்லை. சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்லும். எர்த் கம்பி இல்லாத வீட்டிலும் அது அழகாக விழும்.

இன்னொன்று, பெட்டிக்குள் வருகிற பவர் கோட். இறக்குமதியாகிற பவர் சப்ளைகள் சிலவற்றோடு ஐரோப்பிய உருண்டை இரண்டு ஊசி கோட் வரும். அதற்கும் எர்த் உண்டு, ஆனால் ஊசியில் இல்லை, பக்கவாட்டுத் தகட்டில். நம்மவர்கள் அதை ஒரு மல்டி அடப்டரில் செருகி, அடப்டரை 13 ஆம்பியர் சதுரப் பாயிண்டில் செருகுவார்கள். அந்தத் தகடு எதையும் தொடாது. சுவரில் நல்ல எர்த் இருந்தும் மெஷினுக்கு எர்த் இல்லை. ஃபியூஸ் வைத்த 13 ஆம்பியர் பிளக் கோட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பட்டியலிலும் மலிவான சாமான் அதுதான்.

லயத்துக் காம்பராவில் எர்த் இல்லையென்றால் என்ன பண்ணுவது? லயம் தோட்டத்தின் சொத்து, சுவரில் கை வைக்கக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேளுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். 7 பேர்ச் காணியில் கட்டிய புது வீடாக இருந்தாலும் பாயிண்டுக்குப் பின்னால் பச்சைக் கம்பி உண்மையில் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள். சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கிவிட்டேனே என்பவர்களுக்கும் இதுதான் பதில்: இடி இழுத்துவரும் கரண்டைத் தள்ளிவிட அதற்கும் ஓர் எர்த் வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடிக்கும். அந்த மாதங்களில் பிளக்கோடு சேர்த்து ரௌட்டரிலிருந்து வருகிற லேன் வயரையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு லேனை விட்ட மெஷின்களில் மதர்போர்ட் போனதைப் பார்த்திருக்கிறேன்.

யூபிஎஸ்ஸுக்கு வருவோம். 650 விஏ என்பது பெட்டியின் முன்னால் பெரிதாக எழுதியிருக்கும் எண். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 360 வாட், அதிகம் போனால் 390 வாட் என்று இருக்கும். ஆர்டிஎக்ஸ் 5090 கார்ட் மட்டும் 575 வாட் வரை இழுக்கும். அதாவது கேம் ஓடும்போது கரண்ட் போனால் அந்த யூபிஎஸ் ஒரு வினாடிகூடத் தாங்காது, கீச்சென்று கத்திவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும். இன்னொரு சிக்கல், மலிவான யூபிஎஸ் பெட்டரியில் ஓடும்போது தருவது படிப்படியான அலை. நல்ல பவர் சப்ளைகள் சிலவற்றுக்கு அது ஒத்துவராது. பியூர் சைன் வேவ் என்று எழுதிய, லைன் இன்டராக்டிவ் வகை, 1500 விஏ (900 வாட் வரும்) எடுத்தால் இரண்டு வேலை நடக்கும்: அந்தி நேரத்து வோல்டேஜைத் தானே தூக்கிவிடும், கரண்ட் போனால் சேவ் பண்ணி அணைக்க நேரம் தரும். ஜெனரேட்டர் மாதிரி அதை வைத்து விளையாடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டியதை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு கிரிட் நிலையத்துக்குள் பாய்ந்து முழு இலங்கையும் இருண்டது. குரங்குக்கெல்லாம் எந்த யூபிஎஸ்ஸாலும் ஈடு கொடுக்க ஏலாது.

மாதப் பில்லையும் இதோடு பார்த்துவிடுவோம். அரைக் கிலோவாட் மெஷினை ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் இரண்டு யூனிட், மாதம் 60. நமது வீட்டுப் பட்டியலில் 60 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு கணக்கு, தாண்டினால் வேறு கணக்கு. கேமிங் மெஷின் தன் 60ஐ மட்டும் கூட்டாது, வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற லைட்டையும் டீவியையும் சேர்த்து மேல் கணக்குக்குத் தள்ளிவிடும். பில் கட்டுகிறவர் அம்மாவோ அப்பாவோ என்றால் முதலே சொல்லிவையுங்கள்.

சரி, சுவர் முடிந்தது. இனிப் பெட்டிக்குள் போகலாம். இங்கே நான் சுருக்கமாகப் போகிறேன், யூடியூபில் இதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

புதிதாகக் கட்டுகிறவருக்கு நான் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டைத்தான் சொல்வேன். 2022 செப்டம்பரில் வந்தது; 2027 வரையாவது புதுப் புரோசசர் விடுவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பழைய ஏஎம்4 மதர்போர்டில் இந்தப் புரோசசர் உட்காராது, டிடிஆர்4 ரேம் இந்த போர்டில் ஏறாது. ரேமின் வெட்டு இருக்கிற இடமே வேறு. அழுத்தினால் உடைவது ஸ்லாட்தான். இன்டெல் பக்கம் எல்ஜிஏ1700 போர்டுகளில் டிடிஆர்4 வகையும் உண்டு, டிடிஆர்5 வகையும் உண்டு, பெயர் ஒன்றுபோலவே இருக்கும், பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். இக்மனில் 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாகப் போனால் கொஞ்சம் யோசியுங்கள். கூடுதல் வோல்டேஜால் சில்லு தேய்ந்துபோகிற கோளாறு அவற்றில் இருந்ததை இன்டெல்லே ஒத்துக்கொண்டது. 2024 ஓகஸ்டில் திருத்தம் வந்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் கூட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சில்லை அந்தத் திருத்தம் குணமாக்காது.

பி650 போர்டில் 9000 வரிசைப் புரோசசர் போடுகிறீர்கள் என்றால் பயோஸ் பழையதா என்று கேளுங்கள். கடையில் கிடந்த பழைய ஸ்டொக் என்றால் புது புரோசசரை அது அடையாளம் காணாது, திரை இருட்டாகவே இருக்கும். கடையிலேயே அப்டேட் பண்ணித் தரச் சொல்லலாம். இல்லையென்றால் பின்பக்கத்தில் பயோஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிற போர்டை எடுங்கள், பென் டிரைவ் ஒன்று போதும். அந்த வேலையை விடியக்காலையில் பண்ணுங்கள், வானம் கறுத்த பின்னேரத்தில் வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் போர்ட் செத்தமாதிரி ஆகிவிடும்.

ரேம் இரண்டே போதும். 16 ஜிபி இரண்டு, 6000 வேகம், ஒரே பெட்டியில் வந்த ஜோடி. புரோசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். நான்கு போட்டால் ஏஎம்5 வேகத்தைக் குறைத்துவிடும், சிலவேளை 3600க்கே இறங்கும். "இப்ப ஒன்று, தீபாவளிக்கு ஒன்று" என்று பிரித்து வாங்குகிற பழக்கம் இங்கே சரிவராது. அதுவும் 2025 கடைசியில் ஏஐ சேர்வர்களுக்கு மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் டிடிஆர்5 விலை தாறுமாறாக ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் வீட்டுப் பாவனைக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. முதல் முறை பவர் போட்டதும் ஏஎம்5 மெஷின் சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்கும். ரேமைப் பழக்கிக்கொள்கிறது. பயந்துபோய் பிளக்கைப் பிடுங்காதீர்கள், ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடியுங்கள்.

கார்டில் பார்க்க வேண்டியது நீளம் மட்டும் என்று நினைக்கிறார்கள். என்விடியாவின் சொந்த 5090 நீளம் 304 மில்லிமீற்றர். மற்றக் கம்பெனிகளின் மூன்று ஃபேன் கார்டுகள் அதைவிட நீளம். கேஸிங் பெட்டியில் 400 மில்லிமீற்றர் வரை இடம் என்று போட்டிருந்தாலும் முன்பக்கத்தில் ரேடியேட்டரும் ஃபேனும் வைத்தால் 50க்கு மேல் போய்விடும். அதைவிட முக்கியம் அகலம். புது 12வி-2எக்ஸ்6 பவர் வயர் கார்டின் மேல் விளிம்பில் ஏறுகிறது. அது ஏறிய இடத்திலிருந்து 35 மில்லிமீற்றராவது நேராகப் போய்ப் பிறகுதான் வளைய வேண்டும். ஒடுக்கமான கேஸிங்கில் கண்ணாடிக் கதவு அந்த வயரை அழுத்தி வளைக்கும். 2022இல் 4090 வந்த புதிதில் இந்த வகை வயர்கள் உருகின கதையைக் கேட்டிருப்பீர்கள். முழுதாக ஏறாத பிளக் அதில் பெரிய காரணம். போனில் டோர்ச் அடித்துப் பாருங்கள். பிளக்குக்கும் கார்டுக்கும் நடுவில் நகக்கண் அளவு இடைவெளி தெரிந்தாலும் இன்னும் அமுக்க வேண்டும், கிளிக் சத்தம் வரும்வரை. ஏடிஎக்ஸ் 3.1 என்று எழுதிய பவர் சப்ளை எடுத்தால் அடப்டர் வால் இல்லாமல் ஒரே வயரில் வேலை முடியும். பழைய பவர் சப்ளையின் வயர்களைப் புதியதில் பூட்டாதீர்கள். மொடியூலர் வயர்களின் மறுமுனை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஏறும், ஆனால் எரித்துவிடும்.

கூலரில்தான் மலைக்கு ஒரு சலுகை. நுவரெலியா உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகிற சூடு குறைவு. ஆனால் கொழும்பு அறை 30 பாகை, நுவரெலியாவின் சராசரி 16 பாகை. ஓர் உதாரணத்துக்கு, கொழும்பில் புரோசசர் அறையைவிட 50 பாகை கூடுதலாகச் சுட்டு 80இல் நிற்கிறது என்றால், இங்கே அது 60 பாகை கூடினாலும் 76தான். மெல்லிய காற்று எடுத்துக்கொண்டதைக் குளிர் திருப்பித் தந்துவிடுகிறது. அதனால் 9800எக்ஸ்3டிக்கு 360 மில்லிமீற்றர் வாட்டர் கூலர் இங்கே தேவையே இல்லை. இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று போதும். உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், 155இலிருந்து 165 மில்லிமீற்றர் வரை வரும், கேஸிங் இடம் தர வேண்டும். ஏர் கூலரில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான், அட்டன் டவுனிலேயே 120 மில்லிமீற்றர் ஃபேன் கிடைக்கும். வாட்டர் கூலர் பம்ப் போனால் கொழும்புதான்.

குளிரைவிட எனக்குப் பயம் புகை. லயத்தில் விறகு அடுப்பு எரிகிற வீட்டில் கரியும் ஈரமும் சேர்ந்து ஃபேன் இலைகளில் கறுப்புப் பசை மாதிரிப் படியும். பிரஷ் போட்டால் போகாது, துணியில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வோர் இலையாகத் துடைக்க வேண்டும். முன்பக்கத்தில் கழற்றிக் கழுவக்கூடிய வலை இருக்கிற கேஸிங்கை எடுங்கள். குசினிச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம். மே மாதத்திலிருந்து மழைக்குச் சிமெந்துத் தரை வேர்க்கும். தினமும் கொஞ்ச நேரமாவது ஓடுகிற மெஷினுக்கு ஈரத்தால் பெரிய கேடு வருவதில்லை. மாதக்கணக்கில் மூடி வைத்ததற்குத்தான் வரும்.

சாமான் எங்கே வாங்குவது? பெரும்பாலும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாதான். கடையிலேயே பூட்டித் தருவார்கள். பூட்டி, ஓடவிட்டுப் பார்த்து, பிறகு கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கிலோ கார்ட் ஒன்று ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று அத்தனை வளைவிலும் ஆடி ஆடி வந்தால் ஸ்லாட் என்ன ஆகும்? பெரிய ஏர் கூலரும் ஒரு கிலோவுக்கு மேல். அதையும் கழற்ற மனமில்லையென்றால் மதர்போர்ட் கீழே படுக்கிற மாதிரி கேஸிங்கைச் சாய்த்து மடியில் வையுங்கள், பஸ்ஸின் பின் சீட் வேண்டாம். வாரண்டி ஸ்டிக்கர், பில், காலிப் பெட்டிகள் எல்லாம் அட்டலில் இருக்கட்டும். ஒரு சாமான் பொருந்தாமல் போனால் கொழும்புக்காரருக்கு ஒரு மணி நேர வேலை. நமக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும், அன்றைய சம்பளமும் போகும். அதனால்தான் மலைக்காரருக்கு நான் எப்போதும் ஆயிரம் பேர் ஏற்கெனவே போட்டுப் பார்த்த ஜோடியைச் சொல்கிறேன். புதுமை பார்க்கிற இடம் இது இல்லை.

இனி விலை. 5090 கார்டுக்கு 2025 ஜனவரியில் என்விடியா அறிவித்த விலை 1,999 டொலர். டொலரை 300 ரூபா என்று பிடித்தாலே 6 இலட்சம், அதற்கு மேல் 18 சதவீத வற் வரியும் கடைக்காரர் இலாபமும். வரியை விட்டுவிடுவோம். 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக ஆனது. அந்தக் கணக்கில் 444 நாள் பேர் போட்டால் ஒரு கார்ட். மெஷின் இல்லை, கார்ட் மட்டும். இதைச் சொல்வது யாரையும் குத்திக் காட்ட இல்லை. கொழும்பில் வேலை செய்து உழைத்த காசு, கலியாண வீடியோ எடிட் பண்ணிச் சேர்த்த காசு, வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்கு வேலை செய்து வாங்கிய காசு என்று எல்லாம் உழைப்புத்தான், விரும்பியதை வாங்கட்டும். ஆனால் 60 ஹேட்ஸ் மொனிட்டரில் வலோரண்ட் விளையாட 5090 வேண்டுமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. அந்த கேமுக்கு கார்டைவிட நெட் முக்கியம். சேர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறது, மழை நாளில் 4ஜி ரௌட்டரில் பிங் ஏறினால் எந்தக் கார்டும் காப்பாற்றாது.

மஸ்கெலியாத் தம்பிக்கு நான் மாற்றிக் கொடுத்த பட்டியல் இது. புரோசசர் அவர் ஆசைப்பட்டதே, 9800எக்ஸ்3டி. கார்ட் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, 16 ஜிபி, 300 வாட். அல்லது அதே அளவு மெமரியோடு 304 வாட் இழுக்கிற ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, எது அன்றைக்கு மலிவோ அது. 1440பி மொனிட்டருக்கு இரண்டும் தாராளம். ரேம் 16 ஜிபி இரண்டு. ஏர் கூலர். 850 வாட், ஏடிஎக்ஸ் 3.1, 100–240 என்று எழுதிய பவர் சப்ளை. மிச்சக் காசில் 1500 விஏ பியூர் சைன் யூபிஎஸ், எலக்ட்ரீசியன் கூலி, எர்த் ரொட், 13 ஆம்பியர் கோட். மொனிட்டரோடு சேர்த்து மொத்தம் 500 வாட்டுக்குள் நிற்கும், அந்தி ஏழு மணிக்கும் ஓடும். முதல் பட்டியல் 800 வாட். 180 வோல்டில் அது நாலரை ஆம்பியர் இழுக்கும். அவர் காம்பராவில் இருப்பது ஐந்து ஆம்பியர் பாயிண்ட், அதே பாயிண்டில்தான் ரைஸ் குக்கரும்.

"5090 இல்லாட்டி எப்படி அண்ணே ஹை எண்ட்?" என்று கேட்டார். அந்த மலையில் கரண்ட் போன பிறகும் அணையாமல் நிற்கிற மெஷின்தான் ஹை எண்ட் என்றேன். முழுதாக ஒத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை, ஆனால் எர்த் வேலைக்கு ஆள் பார்த்துவிட்டார்.

இனி எனக்குப் பட்டியல் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்ட்ஸ் பெயர்களுக்கு முன்னால் மூன்று படம் அனுப்புங்கள்: உங்கள் பிளக் பாயிண்ட், ட்ரிப் சுவிட்ச், அந்தி ஏழு மணிக்கு மல்டிமீற்றர் காட்டுகிற எண். மல்டிமீற்றர் இல்லாதவர்கள் டவுனில் எந்த ரேடியோ, டீவி திருத்துகிற கடையிலும் இரவல் கேட்டுப் பாருங்கள். அந்த மூன்றும் வந்த பிறகு கார்டைப் பற்றிப் பேசுவோம்.